பின் இருக்கையில் வந்த வாடை

காரின் பின்கதவைத் திறந்ததும் அவள் முதலில் செய்கிற வேலை, இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் இறக்கிவிடுவது. அதன் பிறகுதான் மகளை உட்கார வைப்பாள். ஏழாம் மாதத்து வயிற்றோடு முன்னால் உட்கார முடியவில்லை என்று அவளும் பின்னால்தான் ஏறுவாள்.

"இன்னிக்கும் பெட்ரோல் வாடை அடிக்குதுங்க."

"பெட்ரோல் கார்ல பெட்ரோல் வாடை வராம ரோஜாப்பூ வாடையா வரும்?" கணவன் சிரித்தான். "ஏறு மோப்பக்காரி, ஸ்கூலுக்கு நேரமாச்சு."

கல்யாணமான புதிதில் அந்தப் பெயர் செல்லமாகத்தான் பிறந்தது. சட்டையை முகர்ந்தே அவன் எங்கே காபி குடித்துவிட்டு வந்தான் என்று சொல்லிவிடுவாள். இப்போது அதே பெயர் அவள் பேச்சைப் பாதியில் நிறுத்தப் பயன்பட்டது.

அவன் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துகளை விசாரிக்கிறவன். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பழைய கார் அது. அதைக் குறை சொன்னால் தன்னையே சொன்னது போல அவனுக்குச் சுருக்கென்று படும். பெட்ரோல் போடும்போது குழாய் தானாக நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் விடச் சொல்லி, கழுத்துவரை நிரப்பினால்தான் அவனுக்குத் திருப்தி. மூடியைத் திறக்கையில் புஸ்ஸென்று காற்று சீறினால், டேங்க் எவ்வளவு கெட்டி பார் என்று பெருமைப்படுவான்.

மாமியாரும் கெட்டவர் இல்லை. மருமகள் அசந்து படுத்தால் கால் பிடித்துவிடுகிறவர். ஆனால் வாடைப் பேச்சை எடுத்தால் அவரும், "மசக்கைம்மா. இவனைச் சுமந்தப்போ எனக்குச் சோப்பு வாடையே ஆகாது" என்றுதான் சொன்னார். ஏழாம் மாதத்தில் ஏது மசக்கை என்று அந்த வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. மகள் காரில் ஏறியதும் தூங்கி விழுந்தால் பள்ளிக் களைப்பு என்றார்கள். வாந்தி எடுத்தால் வண்டி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். கணவன் ஒரு வாசனை அட்டையை வாங்கி மாட்டினான். இரண்டு வாடையும் கலந்து இன்னும் மோசமாயிற்று.

விடுமுறை நாளொன்றில் அவனுடைய அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்கள். டேங்க் நிரம்பி, கார் காலையிலிருந்து வெயிலில் நின்றது. யாரும் கவனிக்காத நேரத்தில் மகள் பொம்மையோடு முன்னதாகவே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தாய் வந்து கதவைத் திறந்தபோது, உள்ளே அடைந்திருந்த வெப்பத்தோடு பெட்ரோல் நெடி முகத்தில் அறைந்தது. குழந்தை சீட்டில் சாய்ந்து கிடந்தது. கூப்பிட்டால் முனகியதே தவிர கண் திறக்கவில்லை. வாரித் தூக்கி, நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்த பிறகு வாந்தி எடுத்து அழ ஆரம்பித்தது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் தாய்க்கு மூச்சே வந்தது.

கணவனும் பதறித்தான் ஓடிவந்தான். ஆனால் குழந்தை தெளிந்ததும், வெயில்தான் காரணம், போகப் போகச் சரியாகிவிடும், கிளம்பலாம் என்றான்.

"நானும் ஏறமாட்டேன், இவளையும் ஏத்தமாட்டேன்" என்றாள் அவள்.

அக்கா சமைத்துவைத்துக் காத்திருப்பாள், ஒரு வாடைக்காக இத்தனை கூத்தா என்று அவன் குரல் ஏறியது. அவள் குரல் ஏறவில்லை.

"உங்க வண்டிய நம்பாதீங்கன்னு சொல்லலங்க. என்னை ஒரு தடவை நம்புங்கன்னுதான் சொல்றேன்."

அவள் வாயை அடைப்பதற்காகவே அவன் மெக்கானிக்கிடம் காரை ஓட்டிப்போனான். போன மாதம் சொன்னது போலவே இப்போதும் ஒன்றுமில்லை என்று அவர் சொல்லிவிட்டால் போதும். மெக்கானிக்கோ கேள்விகள் கேட்டார். ஓடும்போது வாடையா, நிற்கும்போதா? முன்னாலா, பின்னாலா? டேங்க் நிறைந்திருக்கும்போதா, குறைந்த பிறகா? அலுவலகத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் இப்படித்தான் துருவித் துருவிக் கேட்பான் அவன். தன் மனைவியிடம் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. கடைசியில் அவளுக்கே போன் போட்டுக் கொடுத்தான்.

அவள் தயங்காமல் சொன்னாள். டேங்க் நிரப்பிய பிறகு சில நாள் அதிகம். பின் சீட்டில் மட்டும்தான். வெயிலில் நின்றால் கண் எரியும். பெட்ரோல் குறையக் குறைய வாடையும் குறையும்.

மெக்கானிக் டேங்க் மூடியைத் திருகினார். பெருமூச்சு போல நெடுநேரம் சீறியது. பிறகு பின் சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த தகட்டைக் கழற்றிக் காட்டினார். ரப்பர் குழாய் வெடித்து, சுற்றிலும் ஈரம் கசிந்திருந்தது.

"டேங்க்ல எழும்புற ஆவிய இழுத்துக்க, கரி அடைச்ச டப்பா ஒண்ணு இருக்கு சார். கழுத்துவரைக்கும் ரொப்பி ரொப்பி அதுக்குள்ள பெட்ரோலே போயிடுச்சு. ஆவிக்கு வழியில்ல. அழுத்தம் ஏறி, வெடிப்பு வழியா இந்த சீட்டுக்கடியில வருது. ஒரு பொறி பட்டா போதும்."

"போன மாசம் நீங்கதானே ஒண்ணுமில்லன்னீங்க?"

"'வீட்டுல ஏதோ வாடைங்கறாங்க, சும்மா பாருங்க'ன்னீங்க. நானும் சும்மாதான் பாத்தேன். தப்பு என் மேலயும் இருக்கு."

காரை அங்கேயே விட்டுவிட்டு அவன் நடந்து வந்தான். மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நீ சொன்னதெல்லாம் அப்படியே சரி என்றான். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

"மெக்கானிக் சொன்னப்புறம்தான் சரியாச்சா?"

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "வேற ஏதாவது சொல்லி நான் காதுல வாங்காம விட்டிருக்கேனா?" என்று கேட்டான்.

"தலைவலி விடவே இல்ல. முகம் வீங்குது. கண்ணு முன்னாடி புள்ளி புள்ளியாப் பறக்குது. அத்தைகிட்ட சொன்னேன், மசக்கைன்னாங்க. அப்புறம் சொல்றதையே விட்டுட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. டாக்ஸியை வரவழைத்தான்.

மருத்துவர் மகளைச் சோதித்துவிட்டுப் பயமில்லை என்றார். மனைவிக்கோ ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. உடனே படுக்கையில் சேர்த்தார்கள். நல்லவேளை வந்தீர்கள், ஆனால் இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள்.

வராந்தாவில், கூட வந்திருந்த அவன் தாய் விசும்பினார். "நாந்தாண்டா மசக்கை மசக்கைன்னு சொல்லிட்டேன்."

"நீங்க சொன்னீங்க, நான் சிரிச்சேன். ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றான் அவன். "மாசமா இருக்கறவ எது சொன்னாலும் மசக்கைன்னு பேர் வச்சுட்டா, அதுக்கப்புறம் நாம கேக்க வேண்டியதே இல்லல்ல? அதுக்குத்தான் அந்தப் பேர். கஷ்டம் யாருக்கோ, அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். அவங்க சொல்லும்போது முழுசா கேக்கணும். கேக்காம விட்டா, உசிருக்கே வினையாகும்."

செவிலியர் கதவைத் திறந்து, ஒருவர் மட்டும் வரலாம் என்றார். அவன் உள்ளே போய் மனைவியின் தலைமாட்டில் நின்றான். சொல்ல அவனிடம் எத்தனையோ இருந்தது. ஆனாலும் அவள் முதலில் பேசட்டும் என்று காத்திருந்தான்.