தியாவிடம் கேட்கக்கூடாதது

வெள்ளைச் சீருடையில் நிற்கும் இளவரசர் சிலையின் காலடியில் சிவப்பு ரோஜாக்களை வைத்துவிட்டு லமாய் மண்டியிட்டாள். நாட்டின் கடற்படையை உண்டாக்கியவர் அவர். செத்து நூறு வருஷமாகியும் சும்போன் கடற்கரை முழுக்க அவர் 'தியா'தான், அப்பாதான்.

"தியா, நாளைக்கு என் பையன் கையில கறுப்புச் சீட்டு வரணும். பத்தாயிரம் பட்டாசு வெடிக்கிறேன்."

படைக்கு ஆளெடுக்கும் குலுக்கலில் கறுப்பு வந்தால் வீடு, சிவப்பு வந்தால் பட்டாளம், தரைப்படையோ கடற்படையோ. மூத்தவனைக் கடல் கொண்டுபோனதிலிருந்து இளையவன் கோம்சனை அவள் அலைப்பக்கமே விட்டதில்லை. டயர் கடையில் சேர்த்து, கண்ணுக்குள் வைத்துக் காத்துவந்தாள்.

கோயில் வாசலில் பட்டாசு விற்கும் சுவான் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்தாள்.

"அடிப்பாவி! படைக்கு அப்பன்கிட்டயே போயி, பிள்ளையை அனுப்பமாட்டேன்னு சொல்லிட்டு வந்தியா? அவர்கிட்ட அதைத் தவிர எதை வேணாலும் கேக்கலாமே! அப்படிக் கேட்டவன் எவன் வீட்டுல இருந்தான்? நேரா கப்பல்தான்!"

அந்தக் கரையில் பச்சைப்பிள்ளைக்கும் இது தெரியும். லமாய்க்கும் தெரியும். பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் எங்கே நிற்கிறது?

அவள் திரும்பி ஓடினாள். "நான் ஒண்ணும் கேக்கல தியா. வாய் தவறிடுச்சு." சிலை கடலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நேந்தது நேந்ததுதான்க்கா. வீட்டுக்குப் போ," என்றாள் சுவான், இந்தமுறை மெதுவாக.

மறுநாள் பள்ளி மைதானத்தில் கோம்சன் பெட்டிக்குள் கைவிட்டான். அதிகாரி சீட்டைப் பிரித்து மைக்கில் கத்தினார்.

"சிவப்பு! கடற்படை!"

கூட்டம் ஹோவென்று ஆர்ப்பரித்தது. லமாய்க்கு அழக்கூட வரவில்லை. தன் வாயாலேயே மகனைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டோம் என்று நினைத்தாள். அதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

கோம்சன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் தோளைப் பிடித்தான்.

"ரெண்டே வருஷம்மா. அண்ணனுக்கு ஆன மாதிரி எனக்கு ஒண்ணும் ஆகாது. நீ தியாகிட்டப் போயி, கடல்ல என்னைப் பாத்துக்கச் சொல்லு. நீ கேட்டா தட்டமாட்டார்."

"சொல்றேன்டா," என்றாள்.

அவன் கப்பலேறிய அன்று போனாள். கேட்க அவரைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? மண்டியிட்டு, கை கூப்பி, "தியா" என்றாள். அடுத்த சொல் தொண்டை வரை வந்தது. எந்தச் சொல் என்ன செய்துவிடுமோ என்று வாயை இறுக்க மூடிக்கொண்டு, கோயிலைப் பூட்டும்வரை அப்படியே இருந்தாள்.