பள்ளிவாசலுக்கு ஒரு சந்தூக்கு

அமீனுதீன் தன் பட்டறையில் சொந்தக் கையால் செய்கிற வேலை ஒன்று உண்டென்றால் அது வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பதுதான் என்று விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் கிண்டல் செய்வார்கள். பொய்யும் இல்லை. பீங்கான் கம்பெனிகளுக்குச் சூளை வண்டி, பொம்மை காயவைக்கும் ரேக்கு, ஓட்டல்களுக்கு ஸ்டீல் மேஜை என்று எங்கெங்கோ போய் ஆர்டர் பிடித்து வருவார். தகடு வெட்டுவது பாண்டிச்சேரியில், வளைப்பது கடலூரில், பெயின்ட் ஓரிடம், பாலிஷ் வேறோரிடம். எல்லாம் வேனில் வந்து இறங்கியதும் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வரும் வெல்டர் திருமால் சேர்த்துப் பற்றவைப்பார். பாய் மேற்பார்வை பார்ப்பார்.

"நோகாம நொங்கு திங்கிறீங்க பாய்" என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபமே வராது.

"எவனுக்கு எது நல்லா வருதோ அவங்கிட்ட குடுக்கணும்பா. எல்லாத்தயும் நானே நோண்டுனா வெளங்குமா?" என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு போன ரம்ஜானோடு போய்விட்டது. அவருடைய ஒரே மகன் ஷாருக் சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். ஒருநாள் காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு நெஞ்சடைப்பு என்றார்கள். உயிர் போன உடலை, மையத்தை, ஊருக்கு அனுப்பும் காகித வேலை எப்போது முடியும் என்று சொல்ல முடியாது, அதுவரை ஆஸ்பத்திரி ஐஸ் பெட்டியில்தான் கிடக்க வேண்டும், சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினால் இங்கேயே முறைப்படி அடக்கிவிடுகிறோம் என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது.

இறந்தவரைச் சீக்கிரம் மண்ணில் சேர்ப்பதுதான் மார்க்கம் சொன்ன வழி. பிள்ளையை ஐஸில் போட்டு வைக்க அவருக்கு மனசு ஒப்பவில்லை. பட்டறை மேஜையிலேயே கையெழுத்துப் போட்டார். போனில் படமெடுத்து அனுப்பினார். பாண்டிச்சேரிக்கு ஆர்டர் அனுப்புவதும் அப்படித்தான். மறுநாள் ஒரு மணல் மேட்டின் படம் வந்தது. மனைவி சாதிகாவிடம் அவர் விஷயத்தைச் சொன்னதே அதற்குப் பிறகுதான். அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று பயந்தார், அதனால் கேட்கவில்லை.

சாதிகா அழவில்லை. துக்கம் கேட்க வந்த பெண்கள் கட்டிக்கொண்டு கதறியபோது, "மையத்தே வராத வூட்டுல எதுக்கு அழுவுறீங்க?" என்றாள். அதற்குப் பிறகு சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அமீனுதீனுக்கு அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இப்படி இருக்கையில்தான் பள்ளிவாசல் சந்தூக்கின் ஒரு பக்கம் துருப்பிடித்து இற்றுப்போய்விட்டது. ஜமாத்தில் யார் இறந்தாலும் மையத்தை வைத்துக் கபரஸ்தானுக்குத் தோளில் தூக்கிப்போகிற பெட்டி அது. புதிதாகத் துருப்பிடிக்காத ஸ்டீலில் ஒன்று செய்துதர முடியுமா என்று பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி கேட்டார். அமீனுதீன் கூலி பேசவில்லை.

"நீளம் எவ்ளோ பாய் வெக்கிறது?" என்று திருமால் கேட்டார்.

"ஷாருக்கு உசரம் தெரியுமில்ல ஒனக்கு? அதுக்கு மேல ஒரு சாண் போடு."

திருமால் குழாயை எடுத்தார். நாலு மூலையிலும் தோளில் வைக்கக் கைப்பிடி, மேலே வளைந்த மூடி. பற்றவைப்பு முடிந்தது, பாலிஷ் மட்டும்தான் பாக்கி. பாலிஷ் கடைக்கு வேன் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார்.

சோறு போட்டுக்கொண்டே சாதிகா சொன்னாள்: "ஏங்க, அத பள்ளிவாசலுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ நம்ம வூட்டுக்குக் கொண்டாருங்க."

"எத?"

"சந்தூக்கத்தான். உள்ளார கொண்டாந்து கொஞ்ச நேரம் வெச்சிட்டு, நாலு பேரா தூக்கிட்டுப் போயிடுங்க. எம் புள்ள இந்த வாசப்படி வழியாத்தான போயிருக்கணும்? போறத நான் ஒரு தடவ பாத்துக்கறேன்."

அமீனுதீனுக்குக் கை சோற்றிலேயே நின்றது. "என்னா பேசுற நீ? மையத்து இல்லாம சந்தூக்கு வூட்டுக்கு வருமா? ஊரு சிரிக்காது?"

"தகட்ட வெளிய குடுத்தீங்க, பாலிஷ வெளிய குடுத்தீங்க. கடசில எம் புள்ளய அடக்குற வேலையயும் வெளிய குடுத்துட்டீங்க." அவள் குரலை உயர்த்தக்கூட இல்லை. "அவங்களும் முடிச்சி படம் அனுப்பிட்டாங்க. ஒங்களுக்கு வேல முடிஞ்சி போச்சி. எனக்கு முடியலீங்க."

அவர் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்தார். வெட்கமாக இருந்தது. அவள் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூடத் தள்ள முடியவில்லை. பட்டறைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"நானே பாலிஷ் போடறேன் திருமாலு."

திருமால் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆடத் தெரியாதவனை மேடையில் ஏற்றிவிட்ட கதைதான். அமீனுதீன் பஃப்பு மெஷினைப் பிடித்த பிடியில் துணிச் சக்கரம் துள்ளியது, பாலிஷ் சோப்பு கரிப்பசையாய்ச் சிதறி முகமெல்லாம் அப்பியது. ஓரிடத்தில் அழுத்தித் தேய்த்தார், இன்னோரிடத்தில் சும்மா தடவினார்.

"கோடு கோடா வுழுது பாய். குடுங்க, நான் பாக்கறேன்."

"வுழட்டும். நீ போய் ஒன் வேலயப் பாரு."

அன்று சாயங்காலம் வரை தேய்த்தார், மறுநாளும் தேய்த்தார். தலைமாட்டுப் பக்கம் வந்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. மெஷின் சத்தத்தில் நன்றாகவே அழுதார். கண்ணைத் துடைக்கப்போய்க் கரி இன்னும் அப்பிக்கொண்டதுதான் மிச்சம். பிள்ளையைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, தலைமாட்டைத் தூக்கி வைக்கவேண்டிய கை இது என்று திரும்பத் திரும்பத் தோன்றியது.

வீட்டுக்குப் போய், "வெள்ளிக்கெழம ஜும்மாவுக்கு அப்புறந்தான் பள்ளிவாசல்ல ஒப்படைக்கறோம். காலையிலயே மொதல்ல நம்ம வூட்டுக்குக் கொண்டாரேன்" என்றார். சாதிகா அவர் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்குச் சுடச்சுட டீ போட்டுக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் வீட்டைக் கழுவிவிட்டாள். கூடத்திலிருந்த நாற்காலிகளை ஓரம் கட்டினாள். பீரோவிலிருந்து மகனுடைய போர்வையை எடுத்து மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பட்டறையில் சந்தூக்கை வேனில் ஏற்றிக் கயிறு கட்டும்போது பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் போன் செய்தார். செருப்புக் கடை ஜக்கரியா விடிகாலையில் மவுத்தாகிவிட்டார், நாற்பது வயதுகூட இல்லை, ஜும்மா தொழுகையோடு அடக்கம். "பழைய சந்தூக்கு தாங்காது பாய். புதுச நேரா ஜக்கரியா வூட்டுக்கே கொண்டாந்துடுங்க. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

அமீனுதீன் கயிற்றை இறுக்கி முடிந்தார். வழியில் தன் வீட்டில் ஒரு நிமிஷம் இறக்கிவிட்டுப் போனால் என்ன என்றுகூட நினைத்தார். ஆனால் இறந்தவர் வீட்டைக் காக்கவைத்து இதைச் செய்ய மனசு வரவில்லை. வேறு வழியில்லாமல் சாதிகாவுக்குப் போன் செய்து சொன்னார்.



"சாதிகா?"

"ஜக்கரியா அம்மா உசுரோட இருக்காங்கல்ல?"

"இருக்காங்க."

"அப்ப அங்க கொண்டு போங்க. அவங்களக் காக்க வெக்காதீங்க" என்று வைத்துவிட்டாள்.

ஜக்கரியா வீட்டு முன்னால் தெரு அடைத்துக் கூட்டம். சந்தூக்கை இறக்கியபோது முத்தவல்லி வெயிலில் அதன் மேல் குனிந்து பார்த்தார். "என்னா பாய் இவ்ளோ கோடு? பாலிஷ வெளிய குடுத்திருக்கலாமே" என்று காதோரம் சொன்னார்.  அமீனுதீன் வாசல் வழியே உள்ளே பார்த்தபோது பெண்கள் நடுவில் சாதிகா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஜக்கரியாவின் தாயார் அவள் மடியில் தலையைச் சாய்த்திருந்தார். சாதிகா அந்தம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் கண் காய்ந்தே இருந்தது.

மையத்தைக் கிடத்தி மூடியைப் போட்டார்கள். அமீனுதீன் யாரையும் கேட்காமல் முன்பக்கக் கைப்பிடியைத் தோளில் வாங்கினார். கலிமா சொல்லித் தூக்கினார்கள். ஜனாஸா வாசற்படியைத் தாண்டியது.

எழவு வீட்டில் அவரவர் துக்கத்துக்குத்தான் அழுவார்கள் என்று சும்மாவா சொல்கிறோம். உள்ளேயிருந்து ஒரு குரல் மற்ற எல்லா அழுகையையும் மீறிக்கொண்டு வந்தது.

"அய்யோ ஷாருக்கு! என் ராசா! அம்மாகிட்ட சொல்லாமப் போறியேடா!"

பின்னால் தூக்கியவர்களின் கால் தயங்கியது. "ஷாருக்கா?" என்று ஓர் இளவட்டம் முணுமுணுக்க, பெரியவர் ஒருவர் அவன் கையைப் பிடித்து அமர்த்தினார். உள்ளே ஜக்கரியாவின் தாயார், "அழுவு தாயி, நல்லா அழுவு" என்பது கேட்டது.

அமீனுதீன் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் கைப்பிடி அழுந்தியது. ஓர் ஆளின் கனம் அது.

"நிக்காதீங்கப்பா, நடங்க" என்றார்.

தெருமுனை வரை அவள் குரல் கூடவே வந்தது. தன் மகனைத்தான் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று அந்த முனை வரைக்கும் அவரும் நம்பினார்.