புதன்கிழமைக்கு ஆள்

வாய் அந்த ஒரு நிமிடம் சும்மா இருந்திருந்தால் போதும். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கப் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவளுக்கு மூன்று வாரமாக இதே நினைப்பு.

பட்டறையில் இரண்டே பேர். இவளும், இவளைவிட மூன்று வயது இளையவளான புள்ளியும். லென்ஸின் நடுவை அளந்து மையால் புள்ளி வைப்பதில் இளையவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

புள்ளிக்கு ஒரு கனவு. கண்ணை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கண் செய்யும் கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். கனவைச் சொல்லிவிட்டுக் கொட்டாவி விடுகிற ரகமில்லை அவள். தன் அலமாரிக் கதவின் உட்புறம் எட்டுப் படிகளை எழுதி ஒட்டி, ஒவ்வொன்றையும் முடிக்க முடிக்க அடித்துக்கொண்டே வந்தாள். மதிய இடைவேளையில் ஒரு வெள்ளைப் பொத்தானை எடுத்து அதில் ஒரு கருவிழி வரைவாள். நாளுக்கு ஒன்று, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு வருடத்தில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கண்கள். முன்கடையில் விற்பனைக்கு நிற்கும் அண்ணன் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "என் பொண்டாட்டி ஒருத்தி முறைக்கிறது பத்தாதா?" என்று பட்டென்று மூடினார்.

மேற்பார்வையாளருக்கும் கனவு இருந்தது. கண் பரிசோதனைப் படிப்பு. புதன்தோறும் மூன்று மணிக்கு வகுப்பு. அவள் கிளம்பியதும் அவள் பங்கு வேலையையும் சேர்த்து இழுத்தவள் புள்ளி. இன்னும் ஒரு மாதம் தள்ளினால் கடைசித் தேர்வு என்றிருந்த நேரத்தில்தான் அந்தக் கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. புள்ளி தன் விண்ணப்பத்தில், விசாரிக்க முதலாளி பெயரையும் இவள் பெயரையும் கொடுத்திருந்தாள்; அவள் எப்படிப்பட்டவள் என்று கேட்டார்கள்.

"வேலை ரொம்ப சுத்தம் சார்" என்று தொடங்கிய வாய், மிச்சமிருந்த புதன்கிழமைகளை நினைத்துக்கொண்டு, "ஆனா கை கொஞ்சம் மெதுவு. நேரத்துக்கு வர்றதும் சந்தேகம்தான்" என்று முடித்தது.

அடுத்த வாரம் புள்ளி வந்து நின்றாள்.

"கிடைக்கலக்கா. மெதுவாம், நேரத்துக்கு வரமாட்டேனாம். முதலாளிதான் சொல்லியிருப்பாரு. அவர் எப்ப எட்டிப் பார்த்தாலும் நான் தண்ணி குடிச்சிக்கிட்டு நிப்பேன், என்ன ராசியோ!"

"இருக்கும்" என்றாள் மேற்பார்வையாளர். அந்த ஒரு சொல்லில் முதலாளியும் பழிக்கு ஆளானார்.

"நீங்க நல்லாத்தான் சொல்லியிருப்பீங்க, எனக்குத் தெரியாதா?"

அழுதிருந்தாலாவது தேவலை. புள்ளி அழவில்லை. அலமாரித் தாளில் ஒன்பதாவது படியாக 'கை வேகம், நேரம்' என்று எழுதினாள். காலையில் அரைமணி முன்னதாக வந்து, வாசல் திறக்கும்வரை படியில் உட்கார்ந்திருந்தாள். நேரம் குறித்து வைத்தால் மணியடிக்கும் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வாங்கிவந்து இயந்திரத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது டக்டக்கென்று துரத்தத் துரத்த லென்ஸ்களின் ஓரத்தைத் தேய்த்தாள். பொத்தான்களைத் தொடுவதே இல்லை. இல்லாத குறையைத் திருத்திக்கொள்ள ஒருத்தி இப்படி உயிரைவிடுவதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்ப்பது, நெருப்பின் மேல் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

தேர்வு நாளும் வந்தது; அதுவும் ஒரு புதன், அதே மூன்று மணிக்கு. இரண்டு மணி இருக்கும். முன்கடையில் ஒரு பேருந்து ஓட்டுநர் கண்ணாடிக்குக் காத்திருந்தார். படக்கென்று ஒரு சத்தம். லென்ஸின் ஓரம் தெறித்து, புள்ளியின் விரலில் ரத்தம். நான்கு வருடத்தில் அவள் கையில் உடைந்த முதல் லென்ஸ்.

"இன்னும் பழகணும்க்கா" என்று சிரிக்கப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னேன்."

"என்னத்த?"

"மெதுவுன்னு. நேரத்துக்கு வரமாட்டேன்னு. முதலாளி இல்ல, நான்."

புள்ளி விரலை அழுத்திப் பிடித்தபடி நின்றாள். "நான் ஒருநாளாவது லேட்டா வந்திருக்கேனா?"

"இல்ல."

"அப்புறம் ஏன்?"

"புதன்கிழமைக்கு ஆள் வேணும்னு."

சொல்லிக் கேட்டபோது அது எவ்வளவு அற்பமாக இருந்தது! புள்ளி இயந்திரத்தை அணைத்தாள்.

"போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டாள். கூடத்துக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யாம்மா? ரெண்டும் உங்க வாய்தானே?"

"என் வாயை நம்ப வேண்டாம் சார். அவ வரைஞ்சதைப் பாருங்க."

"இடம் இன்னும் காலிதான். நாளைக்கு வேற ஆளை எடுக்கறதா இருக்கோம். நாலு மணிக்குள்ள வந்தா பாக்கறேன். வேலை உண்டுன்னு இப்ப சொல்லமாட்டேன்."

புள்ளி விரலில் துணி சுற்றினாள், டப்பாவை எடுத்துக்கொண்டாள். வாசலில் ஒரு நொடி நின்றாள்.

"உங்களுக்கு இன்னைக்குப் பரீட்சைன்னு தெரியும். தெரிஞ்சுதான் போறேன்."

அவள் 'அக்கா' என்று சொல்லாமல் போனதை மேற்பார்வையாளர் கவனித்தாள்.

தட்டில் இன்னும் முடிக்க வேண்டிய பதினோரு ஜோடி. வெளியே ஓட்டுநர், மாலைப் பேருந்தை எடுக்க வேண்டும் என்று அண்ணனிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். புது லென்ஸ் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தாள்.

"தேர்வுக்கு வர முடியாதும்மா."

"உடம்பு சரியில்லையா?" எழுத்தரின் குரலில் அக்கறை இருந்தது. "அப்படின்னா அடுத்த மாசமே மறுதேர்வு வைப்பாங்க. வேற காரணம்னா ஒரு வருஷம் ஆயிடும். உடம்புன்னே போட்டுடட்டுமா?"

'ஆமாம்' என்று சொல்ல நாக்கு முந்திக்கொண்டு வந்தது. எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

"அடுத்த வருஷம்தானே அப்ப?"

"ஆமா."

தொலைபேசியை வைத்தாள். பாரம் இறங்கியதாகத் தோன்றவில்லை. இயந்திரத்தைப் போட்டாள்.