எர்லீன் பார்க்காத மூன்று கையெழுத்துகள்

எர்லீன் டாக்கெட் முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூடத் தவறான வாசலில் இறக்கிவிட்டதில்லை என்று ஊரே சொல்லும். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவளும் சொல்லிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் பத்துப் பேர் கையெழுத்துப் போடுகிற ஒரு தாளில் கோட்டை விட்டுவிட்டாள்.

மாநிலத்தில் கருக்கலைப்பை அடியோடு தடை செய்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தலைநகரில் இருக்கும் சட்டசபை ஐயாமார் சட்டத்தைத் தொடுவதாக இல்லை. சட்டத்தை மாற்றலாமா என்று மக்களிடமே நவம்பரில் ஓட்டுக் கேட்க வேண்டுமென்றால், அதற்கு ஒரே வழி மனு. ஒவ்வொரு கவுண்டியிலும், அதாவது மாவட்டத்திலும், இத்தனை பேர் என்று கையெழுத்து வாங்க வேண்டும். நூலகத்தின் பின்னறையில் தொண்டர்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். பாடம் எடுக்க வந்தவள் கொரீன் என்ற சின்ன வயசு வக்கீல்.

"ஒவ்வொரு கையெழுத்தையும் உங்க கண்ணால பாக்கணும். பாத்தேன்னு நோட்டரி முன்னாடி கையத் தூக்கிச் சத்தியம் பண்ணப் போறீங்க. தாள் செருகின அட்டைய விட்டு நகராதீங்க. பாத்ரூம் போனாலும் அட்டையோட போங்க."

"அங்கயும் கையெழுத்துப் போட ஆள் வருமாம்மா?" என்று எர்லீன் கேட்டாள். அறையே சிரித்தது. கொரீனும் சிரித்துவிட்டு அடுத்ததைச் சொன்னாள். "போடுறவங்க பேரு பொது ஆவணம். யார் கேட்டாலும் குடுத்துதான் ஆகணும். அத யாருகிட்டயும் மறைக்காதீங்க."

சனிக்கிழமை தோறும் கோர்ட்டு மைதானத்தில் சந்தை. தக்காளிக் கடைக்கும் தேன் கடைக்கும் நடுவில் எர்லீன் மடக்கு மேஜையைப் போட்டுக்கொண்டு நின்றாள். சிலர் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் அவளுக்காக ஜெபம் பண்ணுவதாகச் சொன்னார்கள். அதை ஆசீர்வாதமாகச் சொல்கிறார்களா, ஏச்சாகச் சொல்கிறார்களா என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நேடீன் கோகர் மூன்று வாரம் அந்த மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பாப்டிஸ்ட் சபையில் அவள் புருஷன் ராய், பொறுப்புகளைக் கவனிக்கிற டீக்கன். பதினெட்டு வருஷமாக ஞாயிறு பள்ளியில் ஐந்து வயசுப் பிள்ளைகளுக்கு நோவாவின் பேழையை வெட்டி ஒட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். ஜூலையில், நாலாவது வாரம், பக்கத்தில் வந்து நின்றாள்.

"வெயில் ஜாஸ்தி" என்றாள்.

"உங்க வீட்டுத் தோட்டத்துலயே தக்காளி காய்ச்சுக் கொட்டுது. இந்தத் தக்காளியப் பாக்கவா இத்தனை நடை நடக்குறே, நேடீன்?"

நேடீன் சிரிக்கவில்லை. குனிந்தபடி, கடகடவென்று சொல்லிவிட்டாள். "என் பொண்ணு ஷெல்பிக்கு நாலாம் மாசத்துல பனிக்குடம் உடைஞ்சுபோச்சு. பிள்ள பிழைக்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஆனா துடிப்பு இருக்கு, சட்டம் விடாது, காய்ச்சல் வந்தா கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல கார்லயே உக்காந்திருந்தோம். காய்ச்சல் வந்துச்சு, கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதாப் போச்சு. இனிமே அவளுக்குக் குழந்த கிடையாது."

"சபையில யாருக்கும் தெரியாதா?"

"குடல்வால் ஆபரேஷன்னு சொல்லியிருக்கோம். எல்லாரும் கேசரோல்னு அடுப்புல சுட்ட சாப்பாடு செஞ்சு கொண்டாந்து குடுத்தாங்க." பேனாவை எடுத்தாள், மறுபடி வைத்தாள். "என் பேரை யாராச்சும் பாப்பாங்களா, எர்லீன்?"

பார்க்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அது எர்லீனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மூன்று வாரமாக எட்ட நின்ற பெண் பேனாவைத் தொட்டுவிட்டாள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லிக் கலைத்துவிட மனம் வரவில்லை.

"ஆயிரக்கணக்கான பேருல ஒரு பேரு, கண்ணு. யாரு உக்காந்து படிக்கப்போறா?"

நேடீன் ஏழாவது வரியில் போட்டாள். போட்டுவிட்டு வண்டியை நோக்கி நடந்தவள், கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எர்லீன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினாள். குடிக்க வைத்து, கழுத்தைத் துடைத்துவிட்டு, வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்ப நாலு நிமிஷம் ஆகியிருக்கும். அட்டை மேஜையிலேயே கிடந்தது. எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்று வரிகளும் நிரம்பியிருந்தன.

"போட்டுட்டோம், மிஸ் எர்லீன்!" தேன் கடையிலிருந்து ப்ரூயிட் வீட்டம்மா கையை ஆட்டினாள். கூடவே இரண்டு மகள்கள். மூன்று பேருமே ஒரு காலத்தில் எர்லீனின் பேருந்தில் போனவர்கள்.

அந்த மூன்று வரிகளையும் அடித்துவிட்டு, கூப்பிட்டு வேறு தாளில் போடச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. எர்லீன் பேனாவைக்கூட எடுத்தாள். ஆனால் அந்த மூன்று பேரும் யார் என்று அவளுக்குத் தெரியும். வீடு தெரியும், நாயின் பெயர்கூடத் தெரியும். அவர்கள் போட்டதுதான் என்பதில் என்ன சந்தேகம்? நிரம்பிய தாளை அசிங்கப்படுத்துவானேன் என்று உறையில் வைத்துவிட்டாள். திங்கட்கிழமை வங்கியில் நோட்டரி முன்னால் வலது கையைத் தூக்கினாள். எல்லாம் என் கண்முன் போடப்பட்டவை என்று சொல்லும்போது அவள் குரல் நடுங்கவே இல்லை. பின்னால் நினைத்து நினைத்து அவள் வெட்கப்பட்டது அதற்குத்தான்.

மைதானத்து பெஞ்சில் வைக்கோல் தொப்பி போட்ட ஒருவர் சனிக்கிழமை தோறும் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிர்த்தரப்புக்காரர் என்று எல்லாருக்கும் தெரியும். மரியாதையான மனிதர், எர்லீனுக்கு ஒருமுறை குடைகூடப் பிடித்திருக்கிறார். அவர் வேலையை அவர் செய்தார். ஆளில்லாத மேஜையும், அதில் குனிந்து எழுதும் மூன்று பெண்களும் அவர் போனில் வீடியோவாகப் பதிவாகியிருந்தார்கள்.

அந்த வீடியோ தேர்தல் அதிகாரிகள் கைக்குப் போனதும், செப்டம்பரில் கொரீன் போன் பண்ணினாள். "மிஸ் எர்லீன், அந்த நாலு நிமிஷம் நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்க இல்லம்மா" என்றாள் எர்லீன். இன்னொரு பொய்க்கு அவளிடம் தெம்பு இல்லை.

மூன்று வரி போகும், மிஞ்சினால் ஒரு தாள் போகும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் ஒரு சத்தியம் பொய்யானால் அந்த ஆளின் எந்தச் சத்தியமும் செல்லாது என்றார்கள் அதிகாரிகள். அவள் வெயிலில் நின்று வாங்கிய அத்தனை தாளும் தள்ளுபடி. கவுண்டியில் கையெழுத்துக் கணக்குத் தேறவில்லை. மற்ற இடங்களிலும் ஏதேதோ ஓட்டைகள். மனு ஓட்டுக்கு வராது என்று முடிவாகிவிட்டது. "உங்களால மட்டும் இல்ல" என்று கொரீன் இரண்டு முறை சொன்னாள். அந்த 'மட்டும்' எர்லீனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அதற்குள் எதிர்த்தரப்பு மனுவின் நகலை வாங்கி, பெயர்களை ஊர்வாரியாக இணையத்தில் போட்டுவிட்டது. சபையில் நேடீனை யாரும் ஏசவில்லை. கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கோங்க என்று பாஸ்டர் அன்பாகச் சொன்னார். மறுநாள் அவளுடைய கத்தரிக்கோல், பசை, வண்ணக்காகிதம் எல்லாம் ஒரு பெட்டியில் அவள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன.

எர்லீன் போனபோது நேடீன் வாசல் வராந்தாவில் ஊதா நெற்றுக் காராமணி உரித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் ஊதாக்கறை.

"உக்காரு. ராய் வயல்ல இருக்காரு. இருந்தாலும் என்ன, அவரு என்கிட்ட பேசி பதினோரு நாளாச்சு."

"நேடீன், யாரும் படிக்க மாட்டாங்கன்னு நான் சொன்னது..."

"விடு. நான் என்ன சின்னப் பிள்ளையா? தெரிஞ்சுதான் போட்டேன்னு வச்சுக்கோயேன்." நேடீன் ஒரு நெற்றை உடைத்தாள். "ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்கள நினைச்சாதான் அழுகையா வருது. போகட்டும். ஷெல்பிக்காக நான் வாயத் திறந்ததே இல்ல. இந்த ஒரு தடவதான். ஓட்டுக்கு வராட்டி என்ன, இத்தனை பேர் கேட்டாங்கன்னு ஒரு எண்ணிக்க இருக்கும்ல? அதுல நானும் ஒருத்தி."

வழியெல்லாம் வண்டியில் ஒத்திகை பார்த்த பேச்சு எர்லீனுக்கு மறந்துபோயிற்று.

"இல்ல, நேடீன். அதுல நீ இல்ல. நீ சரியாத்தான் போட்டே. நான்தான் அட்டைய விட்டுட்டுப் போயிட்டேன். போகலைன்னு சத்தியமும் பண்ணிட்டேன். என் தாள் எல்லாத்தையும் தள்ளிட்டாங்க."

எங்கே போனாய் என்று நேடீன் கேட்கவில்லை. அன்று தண்ணீர் குடித்தவள் அவள்தானே. கிண்ணத்தில் கை அப்படியே நின்றது. நிமிர்ந்தாள். முகத்தில் சட்டென்று ஒரு ஆசை தெரிந்தது. எர்லீனால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அப்போ அந்த லிஸ்டுல இருந்தும் என் பேரை எடுத்துருவாங்கதானே?"

"இல்ல" என்றாள் எர்லீன். "அது அப்படியேதான் இருக்கும்."

நேடீன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை.