மூடியில் ஒரு கடல்

"நடுவுல போடாதன்னு சொன்னா கேக்குறியா நீ?" என்று சக்கர நாற்காலியிலிருந்து கத்தினார் கோதண்டராமன். கத்தினார் என்பது பேச்சுக்கு. இப்போதெல்லாம் குரல் அவ்வளவுதான் வந்தது. அதற்குள் அவர் மனைவி சிந்து, டேப் வைத்து அளந்து, மூடியின் சரிபாதியில் பென்சில் கோடு இழுத்துவிட்டிருந்தாள். மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிப் பழகிய கை அது.

அடிவானம் நடுவில் வந்தால் படம் ரெண்டு துண்டாகிவிடும், வானமா தரையா, யாருக்கு இடம் என்று முதலில் முடிவு பண்ண வேண்டும் என்றார். இதில் யாருக்காம் என்று கேட்டாள்.

"சேத்துக்கு. வானம் மேல ஒரு கீத்து போதும்."

முகமெல்லாம் சிரிப்பு. சாகப்போகிற மனுஷனுக்கு இவ்வளவு சிரிப்பு எங்கிருந்துதான் வருகிறதோ என்று நினைத்துக்கொண்டே சிந்து கோட்டை அழித்தாள்.

மூடி என்றால் சவப்பெட்டியின் மூடி. அவருடையதுதான். ஈரலில் இருந்தது எலும்புக்கும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன வாரமே, ஆக்லாந்தில் ரானுயி பக்கம் ஒரு தச்சரிடம் வார்னிஷ் அடிக்காத பைன் பெட்டி வாங்கி வந்து கராஜில் இறக்கினார். இந்த ஊரில் பலர் பெட்டிக்கு வண்ணம் அடித்துக்கொள்கிறார்கள், நான் அடித்தால் என்ன என்றார். சிந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. திருச்சியில் இருந்த அவர் அக்கா போனிலேயே ஒப்பாரி வைத்தாள். அவரோ மூடிக்கு வெள்ளை அடிப்பூச்சு பூசிவிட்டு, இவ்வளவு நீளமான தாள் எந்தக் கடையிலும் கிடைக்காது என்று குதித்தார். போகிற ஊரிலெல்லாம் ஓரமாக உட்கார்ந்து உள்ளங்கை அகல நோட்டில் வாட்டர்கலர் போட்டவருக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் பூச்சு காய்வதற்குள் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அதனால் கை சிந்துவுடையது, கண்ணும் வாயும் அவருடையவை.

மலை, பனி, ஏரி என்று எத்தனையோ பார்த்தவர் கடைசியில் கேட்டது பிளாக்ஹவுஸ் பே கடற்கரையை. அதுவும் தண்ணீர் வடிந்து சேறு தெரியும் நேரத்தை. லின்ஃபீல்டில் அவர்கள் வீட்டிலிருந்து காரில் ஏறினால் உடனே வந்துவிடும் இடம்.

"பக்கத்துல இருக்கற இடத்துக்குப் போகவா இவ்ளோ பெரிய பெட்டி?" என்றாள்.

இருமல் வரும்வரை சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

நீலம், மஞ்சள், பழுப்பு என்று மூன்றே நிறங்கள். சிந்து சேற்றுக்கு நேரே பழுப்பைத் தொட்டாள். சேறு பழுப்பு என்று உனக்கு யார் சொன்னது, நேற்றுதானே போய்ப் பார்த்தோம், கண்ணைத் திறந்து பார்க்கவில்லையா என்று பிடித்துக்கொண்டார். நீலத்தையும் பழுப்பையும் கலக்கச் சொன்னார். முதலில் பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி வந்தது. இன்னும் கொஞ்சம் நீலம், நிறையத் தண்ணீர், பெரிய பிரஷ், நிறுத்தாமல் ஒரே இழுப்பு. இழுத்தாள். மூடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மழை நாளின் சேறு விரிந்தது.

"ஏங்க, நெசமாவே ஈரமா தெரியுதுங்க."

"நிறுத்து, அந்த வெள்ளைப் பட்டையைத் தொடாத. தண்ணி தேங்கி நிக்கற எடம் அது. வெள்ளையை நாம போட முடியாது சிந்து, விடத்தான் முடியும்."

அந்த வெற்றுப் பட்டையை நிரப்ப அவளுக்குக் கை அரித்தது. விட்டாள்.

அப்புறம் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். நிமிர்த்து, பார்க்க வேண்டும். மேஜைமேல் படுத்துக் கிடந்த மூடி, நாற்காலியில் சரிந்திருந்த அவருக்கு வெறும் விளிம்பாகத்தான் தெரிந்தது. கிட்டே வைத்துப் பார்த்தால் எல்லாம் கறைதான், நிறுத்தி வைத்து எட்டிப் போய்ப் பார்த்தால்தான் கடல் என்றார். ஆனால் ஈரத்தோடு நிமிர்த்தினால் சேறெல்லாம் வழிந்து வெள்ளையில் இறங்கிவிடும். வெளியே விடாத மழை. ஆக்லாந்து ஈரத்தில் துணியே காயாது, இது எங்கே காயும்? ஹேர் டிரையரை எடுத்து வந்தாள். காற்று பட்டால் வண்ணம் திட்டுத் திட்டாக ஒதுங்கும் என்று தடுத்துவிட்டார். யுனிவர்சிட்டியிலிருந்து வந்த மகள் பிரணவி பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் துள்ளினாள், போனில் படம் எடுத்து அவரிடம் நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டார். போனில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும் என்றார்.

சிந்து புறங்கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. ஜில்லென்று இருந்தால் ஈரம் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடி வைத்தாள். இன்னும் இருந்தது. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி மூன்று பேரும் மூடியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பிரணவி குளிக்கப் போனாள். மழை விட்டது. சிந்து திரும்பவும் கை வைத்தாள்.

"காஞ்சிருச்சுங்க."

அவர் தாடை மார்பில் படிந்திருந்தது. தோளைத் தொட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் வந்தது கோபம்தான். இத்தனை நேரம் இருந்த மனுஷன் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கக் கூடாதா? யார் கூப்பிட்டார்கள் இவரை?

எரியூட்டும் மண்டபத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் கிடத்தியிருந்த மூடியை ஆளாளுக்குக் குனிந்து பார்த்தார்கள். ரொம்ப அழகு என்றார்கள். ஒருவர் பாலைவனமா என்று கேட்டார். சாஸ்திரிகள் முடித்ததும், மனுரேவாவிலிருந்து வந்திருந்த சிந்துவின் தம்பி மனோஜும், மண்டபத்து ஊழியர் தீரஜும் மூடியை ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கினார்கள்.

"மூடாத," என்றாள் சிந்து. "நிமித்திப் பிடி. அவருக்கு நேரா."

மனோஜ் அக்காவைப் பார்த்தான். அப்புறம் தீரஜிடம் ஏதோ சொன்னான். இருவரும் பெட்டியின் கால்மாட்டில் மூடியை அகலவாக்கில் நிமிர்த்திப் பிடித்தார்கள். சிந்து தலைமாட்டில் முழங்காலிட்டு, தன் கன்னத்தை அவர் கன்னத்துக்குச் சமமாக வைத்துப் பார்த்தாள். வெறும் கறையாகத்தான் இருந்தது.

"பின்னாடி போ."

அவர்கள் ஓரடி நகர்ந்தார்கள்.

"இன்னும்."

நாற்காலிகளில் இருந்தவர்கள் கால்களை இழுத்துக்கொண்டு வழி விட்டார்கள். இருவரும் தடவித் தடவிப் பின்னால் நடந்தார்கள். "இன்னும் போ மனோஜ்," என்றாள். குரலில் அழுகை இல்லை, அவசரம்தான் இருந்தது. வாசல் கதவில் முதுகு முட்டியபோது அந்த வெள்ளைப் பட்டை தண்ணீராக மாறிப் பளிச்சிட்டது.

"அங்கயே நில்லு. ஆடாத."

கைப்பையைத் திறந்து அவருடைய கண்ணாடியை எடுத்தாள். முந்தானையால் துடைத்து, அவர் காதுகளில் மாட்டி, மூக்கின்மேல் சரியாக உட்கார வைத்தாள்.