காற்றுத் துளை

மூச்சிழுப்பு வந்த பிள்ளைகளின் தாய்மாருக்கு இன்ஹேலரை எப்படிப் பிடிப்பது என்று நாள் முழுக்க மருந்துக்கடையில் நின்று சொல்லிக்கொடுப்பவள் அவள். அவள் மகளுக்கே நெஞ்சில் விசில் அடித்தால் யாரிடம் போய் முறையிடுவாள்?

அந்த விசில் அவளுக்குப் புதிதில்லை. இந்தக் குளிர்தேசத்துக்குப் பிழைக்க வந்த புதிதில் அப்பா, அம்மா, அவள், தம்பி நாலு பேருக்கும் ஒரு கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. அடுப்பும் அங்கேதான், ஈரத்துணி காய்வதும் அங்கேதான். குளிர் வராமலிருக்கக் கூரையோரக் காற்றுத் துளையில் துணி திணித்திருந்தது. சுவர் மூலையெல்லாம் கறுப்பாகப் பூசணம். தம்பியின் நெஞ்சு விசிலைக் கேட்டுக்கொண்டேதான் அவள் வாய்ப்பாடு மனப்பாடம் செய்தாள். ஆறு வயதில் அவன் போய்ச் சேர்ந்தான். அதோடு அந்த வீட்டில் அவனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இப்போது சொந்த வீடு. ஆளுக்கொரு அறை. அம்மா காலமான பிறகு அப்பாவும் வந்துவிட்டார். வாங்கும்போதே சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, தரகரின் பொறுமையைச் சோதித்து வாங்கிய வீடு. இருந்தும் மகள் குட்டிக்கு ஆறு வயதான குளிர்காலத்தில் விசில் வந்துவிட்டது, விலாசம் விசாரித்துக்கொண்டு வந்த மாதிரி.

பிள்ளைகள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வீட்டைப் பார்க்க வந்தாள். குட்டியின் அறையில் நின்று மோப்பம் பிடித்தவள், அலமாரி மேலிருந்த பெட்டிகளை இறக்கச் சொன்னாள். பின்னால் சுவர் கறுத்துக் கிடந்தது. கூரையோரம் இருந்த துளைக்குள் துணி திணித்திருந்தது.

"வெளிக்காத்து வரத்தான் இந்தத் துளையே வச்சிருக்காங்க. யாருங்க இத அடைச்சது?"

நர்ஸ் வாசலைத் தாண்டும்வரைதான் அவளால் பொறுக்க முடிந்தது. துணியை உருவி எடுத்துக்கொண்டு நேரே அப்பாவிடம் போனாள்.

"நீங்கதானேப்பா? அந்தப் பழைய ரூம்ல செஞ்ச அதே வேலை. ஒருத்தன வாரிக் கொடுத்தது போதலையா உங்களுக்கு?"

அப்பா துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஆமாம்மா. நான்தான்."

அன்று முழுக்க அவள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் அவருக்குச் சட்டை மாட்டிவிட்டாள். கிடங்கில் மூட்டை தூக்கித் தேய்ந்த தோள். கை அதற்கு மேல் எழும்பாது. பாதி சட்டையில் அவள் கை நின்றுவிட்டது. இந்தக் கையா கூரைவரை எட்டியது?

குப்பைக்கூடையிலிருந்து அந்தத் துணியை எடுத்துப் பிரித்தாள். மருந்துக்கடையில் அவள் போட்டுக்கொண்டிருந்த பழைய கோட்டு. காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியைச் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டியிருந்தது. இந்த வீட்டில் அப்படிச் சுருட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். முதல் குளிர் வந்த அன்று குட்டியின் கால் சில்லென்றிருந்ததும், தான் ஸ்டூலில் ஏறியதும் புகைபோல் நினைவுக்கு வந்தன. தூக்கத்தில் கண்ட கனவென்று நினைத்திருந்தாள்.

"ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

"அந்த வீட்டுலயும் எனக்கு எட்டலம்மா. உன்னத்தான் தோள்ல ஏத்திவிட்டேன். தம்பிக்குக் குளிருது, நல்லா அழுத்தி அடைன்னு சொன்னேன். நீ எட்டு வயசுப் புள்ள, உனக்கென்ன தெரியும். சொன்னது நான். உனக்கு அது ஞாபகமே வரக்கூடாதுன்னுதான் இத்தன வருஷமா வேண்டிக்கிட்டிருந்தேன்."

அவள் அவர் மடியில் முகம் புதைத்து அழுதாள். அவரால் அவள் தலையைத் தடவ முடிந்தது, அவ்வளவு தூரம் கை வந்தது.

அன்றே அப்பா தன் கட்டிலைக் குட்டியின் அறைக்கு, துளைக்கு நேர் கீழே மாற்றச் சொன்னார். "உன் கை பழகிப்போச்சும்மா. தூக்கத்துல மறுபடியும் தன்னால போகும். நான் இங்க இருக்கேன்."

சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டியின் நெஞ்சு தெளிந்தது. இனி பயமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கடுங்குளிரான ஒரு விடியலில், கால் சில்லிட்டு அவளுக்குச் சுயநினைவு வந்தது. ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தாள். கையில் இறுகச் சுருட்டிய துண்டு. கீழே அப்பா எழுந்து உட்கார்ந்து அவள் புடவை நுனியைப் பிடித்திருந்தார்.

"வேணாம்மா. இறங்கு."

அறையில் விசில் கேட்டது. அவள் பதறிக் குட்டியைப் பார்த்தாள். குட்டி வாயை மூடி, சீராக மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. காற்றாக இருக்கும் என்று ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஓர் இலை அசையவில்லை.

"அப்பா, உங்களுக்குக் கேக்குதா?"

"இங்க படுத்த நாள்லேர்ந்து கேக்குது," என்றார் அப்பா. "திறந்தே இருக்கட்டும்மா. தம்பிக்கும் கொஞ்சம் காத்து வரட்டும்."

அவள் இறங்கினாள். துண்டைப் பிரித்து அப்பாவின் தோளில் போர்த்திவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.