பின்னறைக்கு ஒரு லைன்

ஊர் முழுக்க முப்பது வருடம் கேபிள் இழுத்தவர் வீட்டில் ஓடுவது ஒரே ஒரு டிவி என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் உண்மை அதுதான். ஹாலில் ஒரு டிவி, அதற்கு எதிரே இரண்டு நாற்காலிகள். சாப்பாடு, சண்டை, சமாதானம் எல்லாமே அங்கேதான்.

அதனால்தான் கேபிள்காரரின் மனைவி ஒருநாள் காலையில், "பின்னறைக்கும் ஒரு லைன் இழுத்துக் குடுங்க. பரண்மேல கெடக்கற பழைய டிவிய அங்க வச்சுக்கறேன்" என்றதும் அவருக்குச் சுருக்கென்றது.

"ஏன், ஹால்ல உக்காந்து பாத்தா என்ன?"

"எனக்குத் தனியா பாக்கணும்."

அவ்வளவுதான் பதில். அதற்குமேல் தோண்டிக் கேட்க அவருக்கும் தைரியமில்லை.

மகன் போய் எட்டு மாதமாகிறது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. மழையில் வண்டி சறுக்கி விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று வாரம் அவள் விடாமல் அழுதாள். ஒருநாள் அவர், "போதும், நிறுத்து! அழுதா வந்துடுவானா?" என்று கத்திவிட்டார். அவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் கத்துவதுதானே இந்த ஆண்பிள்ளைகளின் வழக்கம்! அவள் அந்த நிமிடமே வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் அழுகையும் இல்லை, பேச்சும் அளந்துதான். மாலையில் மட்டும் இருவரும் அந்த இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்து எதையாவது பார்ப்பார்கள். மிச்சமிருந்தது அது ஒன்றுதான். இப்போது அதையும் உதறிவிட்டுப் போகப் பார்க்கிறாள் என்று அவர் நினைத்தார்.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இணைப்புப் பெட்டியிலிருந்து டிவி வரைக்கும் ஒரே கேபிள், நடுவில் ஒட்டு கூடாது. ஒருமுறை கடைசியில் இரண்டு மீட்டர் குறைந்துபோனது. சுவரில் அடித்ததை முழுக்கப் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்தார். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு 'ஒட்டாத அண்ணன்' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள்.

அலமாரியில் நல்ல கேபிள் ஒரு சுருள் இருந்தது. தடித்த செம்புக் கம்பி, அதைச் சுற்றி அலுமினியத் தாள், அதன்மேல் நெருக்கமான கம்பிப் பின்னல். ஹாலில் ஆரம்பித்து நடைவழி, சமையலறைச் சுவர், பின்னறை என்று அளந்து பார்த்தார். பதினெட்டு மீட்டர். சுருளைக் கையில் எடுத்தவர், அதைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டார்.

அதற்குப் பதிலாக எடுத்தது, எங்கேயோ கழற்றிப் போட்ட, மழையில் ஊறிய இரண்டு மெல்லிய கேபிள் துண்டுகளை. இரண்டின் கம்பியையும் முறுக்கி, டேப் சுற்றி, சமையலறைச் சுவரோரம் அடித்தார். மூலையில் வளைக்க வேண்டிய இடத்தில் நசுங்க நசுங்க மடித்தார். செய்யும்போது கை கூசியது. படம் கட்டம் கட்டமாக உடையும், நாலு நாள் பார்ப்பாள், சலித்துப்போய் ஹாலுக்கே வந்துவிடுவாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அவள் வரவில்லை. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். டிவி அலறும். ஒரு வாரம் ஓடிவிட்டது, ஒரு குறையும் சொல்லவில்லை.

"படம் ஒழுங்கா வருதா?"

"வருதே."

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்தக் கண்ணராவியை மனுஷி எப்படிப் பார்க்கிறாள்?

மறுநாள் மத்தியானம் பொறுக்க முடியாமல் நடைவழியில் போய் நின்றார். உள்ளே ஏதோ சோப்பு விளம்பரம் காதைக் கிழித்தது. திடீரென்று சத்தம் அறுந்தது. இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் வேறொரு சத்தம் கேட்டது. மறுபடி சோப்பு. மறுபடி அறுந்தது. மறுபடியும் அதே சத்தம்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். மூச்சு முட்ட, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். டிவி அவளுக்குப் பார்ப்பதற்கு இல்லை. தன் அழுகை அவர் காதில் விழாமல் இருப்பதற்கு. கேபிள்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அவள் டிவிக்கு முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"லைன்ல ஒட்டுப் போட்டுட்டேன்மா. வேணும்னேதான் போட்டேன். நீ ஹாலுக்கு வந்துடுவேன்னு நெனச்சேன்."

"தெரியும். இத்தன வருஷமா உங்க வேலையப் பாக்கறேன். அந்த மூலைய மடிச்சிருக்கற லட்சணத்தப் பாத்தப்பவே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"படம் எப்படி வந்தா எனக்கென்ன? எனக்குச் சத்தம் இருந்தாப் போதும்."

அவர் தலைகுனிந்து நின்றார். "நல்ல கேபிளா, ஒரே கேபிளா இழுத்துத் தரேன். சத்தம் விட்டுப் போகாது."

"சரி, இழுங்க" என்றாள் அவள். கோபமே இல்லாத குரலில்.

அவர் அலமாரி வரைக்கும் போனார். சுருளை எடுத்தார். இதை இழுத்துக் கொடுத்துவிட்டால் வேலை சுத்தமாக முடிந்துவிடும். சாகிற வரைக்கும் அவள் அழுகை அவர் காதில் விழவே விழாது. கை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. சுருளைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி வந்து டிவியின் பிளக்கைப் பிடுங்கினார். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழும்மா. நான் இருக்கேன்."

"உங்களால கேக்க முடியாது."

"முடியலேன்னாலும் கேக்கறேன்."

அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு இத்தனை மாதமாக அவர் முன்னால் அடக்கி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. அவர் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். எழுந்து ஓடத்தான் தோன்றியது. ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கும் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார்.

அவள் அழுகையோடு அழுகையாகக் கையை நீட்டி அந்தத் துண்டை உருவி எறிந்தாள்.

"சத்தமா அழுங்க" என்றாள். "அவனுக்குத்தானே அழறோம். யாருக்கு ஒளிக்கணும்?"